நோயலிக்கு வைத்த ஆமைக்குழம்பு

மாட்டுத்தவளை ஜனவரியில் கத்தாது. அது வெக்கைக் காலத்துச் சங்கதி. ஆனால் அந்த வருஷம் ஆன்ஸ் ரூஸ் என்ற ஊரில் எவரிஸ்ட் விட்ரின் வீட்டு அடுப்படியில் ஜனவரி முழுக்கக் கத்தியது. எவரிஸ்ட் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வருவான். மேசைமேல் மகளின் போன் கிடக்கும். அதற்குள்ளிருந்து ஒன்று உறுமும், ஒன்று ஆட்டுக்குட்டியாய்க் கத்தும், இன்னொன்று கூழாங்கல்லைக் கூழாங்கல்லோடு தட்டும். நாய் மேசைக்கடியில் புகுந்துகொண்டு ஊளையிடும். மகள் நோயலி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் அம்மா ஒடாலி அடுப்பில் ஒரு கண்ணும் கையிலிருக்கும் விடை அட்டையில் ஒரு கண்ணுமாக நின்று "சரி", "தப்பு", "சரி" என்பாள்.

"ஏன் குட்டி, இதப் போய் போன்லயா கேக்கணும்? மே மாசம் சன்னலத் தொறந்து வையி. விடிய விடிய உறங்க விடாமக் கத்தும். ஆசதீரக் கேளு."

"மே மாசம் போட்டி முடிஞ்சிரும்ப்பா."

"ஜெயிச்சா என்ன குடுப்பாக? ஒரு கூடத் தவளையா?"

"மெடல்."

"சரிதான் போ. அத வறுத்தும் திங்க முடியாது, சோத்துல போட்டும் பெசைய முடியாது."

ஒடாலி கரண்டியை ஓங்கினாள். "வந்ததும் வராததுமா புள்ளைய ஏன் நோண்டுற? மொதல்ல அந்த நாத்தச் சட்டையக் கழத்து மனுசா. மீன் நாத்தம் கொடலப் பெரட்டுது."

பள்ளிக்கூடங்களுக்கு நடுவே நடக்கும் அறிவியல் போட்டி அது. பாடத்துக்கு இரண்டு பிள்ளைகள். ராக்கெட், பாலம், நட்சத்திரம் எல்லாவற்றையும் மற்ற பிள்ளைகள் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். பாம்பும் பல்லியும் தவளையும் ஆமையும் சீந்துவாரில்லாமல் கிடந்தன. நோயலியும் அவள் தோழி பிரியெலும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய கூடத்தில் மேசைகளை வரிசையாய்ப் போட்டு, ஒன்றில் பஞ்சடைத்த உருவம், ஒன்றில் மண்டையோடு, ஒன்றில் உரித்த சட்டை, ஒன்றில் வெறும் கூப்பாடு என்று வைத்திருப்பார்களாம். மணி அடிப்பதற்குள் அது என்ன பிராணி, எந்தக் குடும்பம், எப்படி முட்டையிடும், எத்தனை காலம் வாழும் என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு ஓட வேண்டும். எவரிஸ்டுக்கு இதைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. அவன் அறிந்தவரை பிராணிகளில் இரண்டே குடும்பம். தின்னக்கூடியது, தின்னக்கூடாதது.

அந்தச் சிரிப்பு நின்றது ஒரு பாம்பினால்தான்.

நெல் அறுத்த வயலிலேயே தண்ணீரைக் கட்டிச் சேற்றிறால் வளர்க்கிற ஊர் அது. நவம்பரிலிருந்து மே வரைக்கும் அதுதான் சோலி. தட்டையான தகரப்படகில் ஏறி, தண்ணீரில் தலை நீட்டி நிற்கும் கம்பிக்கூடுகளின் வரிசையூடே ஓட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கையால் கூட்டைத் தூக்கித் தட்டில் கொட்டி, மறுகையால் வெட்டுமீன் இரையைப் போட்டுத் திரும்ப நட்டுவிட்டு, படகு நிற்பதற்குள் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். வாடை அடித்தால் இறால் சேற்றை விட்டு நகராது. தென்காற்றோடு ஒரு வெதுவெதுப்பான மழை விழுந்தால் கூடு கொள்ளாமல் ஏறும். எவரிஸ்டும் அவன் தம்பி குளோவிஸும் ஆளுக்கொரு படகு. சனிக்கிழமைகளில் நோயலி அப்பாவின் படகில் சாக்கு பிடிப்பாள், வாயைத் திறக்காமல். இரண்டு வருஷமாகவே அவள் அப்படித்தான். காதில் எதையோ செருகிக்கொண்டு, கேட்டதற்கு "ம்", கேட்காததற்கு அதுவும் இல்லை. சின்ன வயதில் அப்பாவின் முதுகிலேயே கிடந்த பிள்ளை. எவரிஸ்ட் வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, அது அவனை உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒரு கூட்டைத் தூக்கினால் உள்ளே கருப்பாய், தடியாய் ஒரு பாம்பு. எவரிஸ்ட் யோசிக்கவே இல்லை. அந்தப் பக்கத்தில் தண்ணீரில் எது நெளிந்தாலும் அது கோங்கோ என்கிற விஷப்பாம்புதான். வாய்க்குள்ளே பஞ்சு மாதிரி வெளுத்திருக்கும், கடித்தால் கை அழுகிப்போகும். துடுப்பை எடுத்துவிட்டான்.

"அப்பா, நில்லு! அடிக்காத!"

இரண்டு வருஷத்தில் படகில் அவள் போட்ட முதல் சத்தம் அது. எவரிஸ்டுக்குத் துடுப்பு அந்தரத்தில் நின்றது.

"கூட்ட ஒசத்திப் பிடி. இன்னும் ஒசத்தி. வாலுக்கு அடில பாக்கணும்." குனிந்து கூட்டுக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். "செதில் ரெண்டு வரிசையா ஓடுது பாரு. கோங்கோவுக்கு ஒத்த வரிசைதான் இருக்கும். கண்ணப் பாரு, உருண்ட கண்ணு. இது வெறும் தண்ணிப்பாம்புப்பா. வெஷம் கெடையாது."

"ஏட்டி, கோங்கோ வாலத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்குமா, நீ செதில எண்ணிக்கோன்னு?"

சிரித்துவிட்டாள். வாய்விட்டே சிரித்தாள். எவரிஸ்ட் கூட்டின் வாயைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தான். பாம்பு வழுகிப் போய்விட்டது. அதுவரை ஒரு பாம்பையும் உயிரோடு விட்டவனல்ல அவன். அன்று ஏதோ தர்மம் பண்ணிவிட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகோட்டினான்.

அதிலிருந்து வாளி ஒன்று படகில் ஏறியது. கூட்டில் எது மாட்டினாலும் வாளியில் போட்டுத் தகரத்தால் மூடிச் சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டுவந்தான். கம்பிக்கூட்டுக்குள் காதோரம் சிவப்புத் தீற்றியிருக்கும் குட்டி ஆமை, பச்சைத் தவளை, ஒருநாள் விலாங்கு மாதிரி வழவழவென்று முழ நீளத்துக்கு ஒன்று. அதைக் கண்டால் அந்த ஊர்க்காரர்கள் கரையில் வீசி மிதித்தே கொல்வார்கள், கடித்தால் பொழுது சாய்வதற்குள் சாவு என்று. நோயலி அதைப் பார்த்ததும் குதித்தாள்.

"அம்மா! ஓடி வா! கால் இருக்கு பாரு!"

"பாம்புக்கு ஏதுடி காலு?" ஒடாலி வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

"பாம்பில்லம்மா, மீனும் இல்ல. தவள வகையறா. இந்தா, குச்சி மாதிரி தொங்குது பாரு காலு, அதுல மூணு வெரல். அப்பா, இத எங்க பிடிச்ச? எந்த வயல்? தண்ணி எவ்வளவு ஆழம்?"

சோறு ஆறிப்போகும்வரை பேசினாள். வயலைப் பற்றி, சேற்றைப் பற்றி, அந்த மூன்றுவிரல் ஜந்து இறால் வளைக்குள்ளேயே குடியிருப்பதைப் பற்றி. எவரிஸ்டுக்கு அந்த ஜந்துவின் மேல் ஒரு அக்கறையும் இல்லை. பேச்சுத்தான் வேண்டும். ராத்திரி படுக்கையில் ஒடாலியிடம் சொன்னான்: "அவ போட்டியில ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன. எங்கூடப் பேசுதா பாத்தியா? இது நின்னுறாம இருந்தாப் போதும் எனக்கு."

"அப்ப வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. அது பாட்டுக்கு ஓடும்," என்றாள் ஒடாலி.

மார்ச்சில் வட்டாரப் போட்டி வந்தது. தவக்காலம். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத ஊர், சேற்றிறாலுக்கு அடிதடி நடக்கும் நேரம். முதல்நாள்தான் நல்ல மழை விழுந்து தென்காற்றுத் திரும்பியிருந்தது. கூடெல்லாம் பிதுங்கிக்கொண்டு நின்றன. "நான் வரல குட்டி, இன்னிக்கு விட்டா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிச் செத்துப்போகும்," என்றான். "தெரியும்ப்பா, நீ போ," என்றாள் அவள். பிரியெலின் அப்பாதான் இருவரையும் கூட்டிப்போனார். சாயந்திரம் முதல் பரிசோடு வந்து இறங்கினார்கள். அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து மாநிலப் போட்டிக்குப் போவது அதுவே முதல் தடவை. போட்டோவில் பிரியெலின் அப்பா இரண்டு பிள்ளைகள் தோளிலும் கைபோட்டுக்கொண்டு நின்றார். எவரிஸ்ட் அந்தப் படத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தான், தூர வைத்துப் பார்த்தான். மூஞ்சியைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் படகுத்துறையில் தம்பியிடம் ஆற்றாமையோடு சொன்னான்.

"எம்மவ தோள்ல எவனோ கையப் போட்டுக்கிட்டு நிக்கான்லே. நான் இங்க மீன்தலைய வெட்டிக்கிட்டு நிக்கேன்."

"அதுக்கு இப்ப அழுது என்ன செய்ய? மாநிலப் போட்டிக்கு நீயே கூட்டிட்டுப் போ. அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம நாலு சனத்தக் கூப்பிட்டு அவளுக்கு ஒரு விருந்து வச்சிருவோம்." குளோவிஸ் கல்யாணம் கட்டாதவன். விருந்து என்ற சொல்லே அவனுக்கு எச்சில் ஊற வைக்கும். "ஆமைக்குழம்பு வைப்போம்ணே. நம்ம ஐயா உனக்கு வச்சாரே, பட்டாளத்துல இருந்து நீ வந்தப்ப."

எவரிஸ்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நம் பக்கம் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். அங்கே ஆமை புகாவிட்டால் அது விருந்தே இல்லை. ஞானஸ்நானம், கல்யாணம், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவன், சாவுக்குத் தப்பிப் பிழைத்தவன், இவர்களுக்குத்தான் ஆமை அடிப்பார்கள். "உனக்கு ஆமை அடித்தார்களா?" என்று கேட்டால் உன்னை மதித்தார்களா என்று அர்த்தம். வாயால் சொல்லத் தெரியாத ஆண்பிள்ளைகள் அந்த ஊரில் குழம்பால்தான் சொல்வார்கள். ஊர்வன பற்றிப் படிக்கிற பிள்ளைக்கு ஊர்வதையே அடித்துக் குழம்பு வைப்பது சரிதானா என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால், அடடா, எவ்வளவு பொருத்தம் என்றுதான் தோன்றியிருக்கும்.

"ஓடையில பழைய பாலத்துக்கு அடில ஒண்ணு கெடக்குன்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். மூக்கு கொக்கி மாதிரி வளஞ்ச சாதி ஆம, முதலையாமன்னு சொல்வாகளே. குமிழி வருது அங்க," என்றான் குளோவிஸ்.

"வீட்டுக்குன்னு ஒண்ணு பிடிச்சா யார் கேக்கப் போறா. போட்டுருவோம் தூண்டில."

ஈஸ்டர் கழிந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயந்திரம், தண்ணீரோரம் நின்ற மரத்தின் கிளையில் கயிற்றைக் கட்டிப் பெரிய முள்ளில் கெளுத்தித் தலையைக் கோத்துப் பாலத்தடியில் விட்டார்கள். சனிக்கிழமை காலை போனபோது கிளை வளைந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தார்கள். மேலே வந்தது பெண் ஆமை. முதுகில் மூன்று வரி முகடு, முகடெல்லாம் பாசி, வலது விளிம்பில் ஓடு பிறை மாதிரி உடைந்து ஆறியிருந்தது. ஒரு சாக்கு இறாலைவிடக் கனம். வாயைத் திறந்து வைத்தபடியே இரண்டு பேரையும் பார்த்தது.

"அம்மாடி! நம்ம தாத்தன விட மூத்தவளா இருப்பா போலிருக்கே," என்று குளோவிஸ் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தான்.

நோயலி அன்று பிரியெல் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒடாலி இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போயிருந்தாள். கொல்லையில் வைத்து அறுத்தார்கள். தலையை வெட்டிய பிறகும் அந்த வாய் ஒரு குச்சியைக் கடித்து முறித்தது. வயிற்றைத் திறந்த எவரிஸ்ட் ஒரு கூச்சல் போட்டான்.

"முட்ட! ஏலே, முட்டையோட இருக்குலே!"

வெள்ளை வெளேரென்று உருண்டையாய், ஒரு சட்டி நிறைய. அந்த ஊரில் அதற்குமேல் அதிர்ஷ்டம் கிடையாது. ஆமைக்குழம்பில் முட்டை விழுந்தால் அது யாருக்காக வைக்கிற விருந்தோ அவருக்குத்தான் முதல் முட்டை. எவரிஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. எம்மவ ராசிக்காரி, எம்மவ ராசிக்காரி என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவினான். ஓட்டைத் தேய்த்துப் பாசி போகக் கழுவி வேலியில் சாய்த்துக் காய வைத்தான். போட்டிக்கு எடுத்துக்கொண்டு போகட்டும், எல்லாரும் படத்தைக் கொண்டுவருவார்கள், எம்மவ அசலையே கொண்டுபோவாள் என்பது அவன் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த கையோடு ஒடாலி இரும்புப் பானையை ஏற்றினாள். எண்ணெயில் மாவைப் போட்டுச் செங்கல் நிறம் வரும்வரை கை ஓயாமல் கிளறினாள். வெங்காயமும் குடமிளகாயும் விழுந்து சுருண்டன, தக்காளி விழுந்தது, சிவந்த மிளகாய்ப்பொடி விழுந்து அடுப்படியில் எல்லாரும் இருமினார்கள். முதல்நாள் களைத்து வந்தவள் ஐஸ்பெட்டியில் துண்டுபோட்ட கறியைப் பார்த்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. கறி அரைவேக்காடு வெந்த பிறகுதான் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஆமைய யார்கிட்ட வாங்குன?"

"வாங்குறதாவது! நானும் தம்பியும் பிடிச்சோம். ஓடையில, பழைய பாலத்துக்கு அடியில."

கரண்டி நின்றது.

"ஓடு ஒடஞ்சிருந்துச்சா? வலது பக்கம்?"

"ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஒடாலி அடுப்பைத் தணித்துவிட்டு இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அது நோயலி ஆம மனுசா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் எங்க போறான்னு நெனச்ச? பாலத்துமேல குப்புறப் படுத்துக்கிட்டு அதத்தான் பாத்துக்கிட்டு இருப்பா. வாயத் தொறந்து வச்சு, நாக்குல புழு மாதிரி ஒண்ண ஆட்டி மீனுக்கு ஆச காட்டுமாமே. அத நேருல பாத்தவ இந்தப் போட்டியிலயே வேற யாரும் இருக்க மாட்டாங்கம்மான்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சா. இந்த வருஷம் முட்டபோடக் கரையேறும், நான் பாக்கணும்னா."

எவரிஸ்ட் அடுப்பருகே வந்தான்.

"எங்கிட்டச் சொல்லலியே. எல்லாத்தையும் சொல்லுவாளே. பாம்பச் சொன்னா, அந்த மூணுவெரல் சனியனச் சொன்னா. இத ஏன் சொல்லல?"

ஒடாலி பானையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாகிட்டச் சொல்லாதம்மா, அப்பா கொழம்பு வச்சிரும்னா. நான்கூடச் சிரிச்சேன்."

வெளியே வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வயல்காரர்கள், பூசைக்கு வந்த சொந்தங்கள், ஆளுக்கொரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் ரொட்டியுமாக வந்து இறங்கினார்கள். இனிப் பானையை இறக்கி எங்கே ஒளிப்பது? எவரிஸ்ட் கொல்லைக்கு ஓடினான். வேலியிலிருந்த ஓட்டைத் தூக்கி உழவு வண்டிக் கொட்டகைக்குள் போட்டுச் சாக்கால் மூடினான். திரும்பி வந்து மூச்சிரைக்கச் சொன்னான்:

"கடையில வாங்கினதுன்னு சொல்லிரு. எத்தன ஆம இல்ல ஒலகத்துல. அடுத்த வாரம், போட்டி முடிஞ்சதும், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

"பொய்யா சொல்லச் சொல்லுத?"

"ஒரு வாரத்துக்கு ஒடாலி. ஒரே ஒரு வாரம். கெஞ்சிக் கேக்கேன்."

ஒடாலி கரண்டியைத் திரும்பக் கையில் எடுத்தாள். அண்ணனும் மதினியும் அடுப்படியில் குசுகுசுத்ததில் தம்பி ஒருவன் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

நோயலி பிரியெலோடு வந்து இறங்கினாள். தனக்காக இத்தனை பேர் கூடியிருப்பதைப் பார்த்து வெட்கத்தில் சிவந்துபோனாள். மேசையின் தலைப்பக்க நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த ஊரில் பிள்ளைகளை அங்கே உட்கார வைக்கிற வழக்கமில்லை. குளோவிஸ் தட்டில் சோற்றைக் குவித்து, குழம்பை ஊற்றி, அதன் உச்சியில் முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தான். எவரிஸ்ட் அவனைக் கண்ணால் தடுத்துப் பார்த்தான். குளோவிஸின் கண் தட்டில்தான் இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! எங்க வீட்டு ராசாத்திக்குக் கடைச்சரக்கு ஒண்ணும் கெடையாது. நானும் எங்கண்ணனும் இடுப்பளவு தண்ணியில நின்னு, பழைய பாலத்துக்கு அடியில பிடிச்ச கெழட்டு முதலையாம. முட்டையோட! இந்தா தாயி, மொத முட்ட ஒனக்குத்தான்."

கை தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

நோயலி தட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவன் முகத்திலிருந்து அவளுக்கு வேறு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கத்துவாள், தட்டை வீசுவாள், எழுந்து ஓடுவாள் என்று அவன் நினைத்தான். அப்படிச் செய்துவிட மாட்டாளா என்று ஏங்கவே செய்தான். அவள் கரண்டியை எடுத்தாள். அந்த ஊர்ப் பிள்ளை அவள். தனக்கென்று அடித்த ஆமையை ஒதுக்குவது வைத்தவன் முகத்தில் துப்புவதற்குச் சமம் என்று அவளுக்கும் தெரியும். முட்டையைப் பாதியாக வெட்டினாள், சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். தட்டு காலியாகும்வரை தலை நிமிரவில்லை. பிரியெல் ஒரு வாய்கூட வைக்காமல் தோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு தாயி?" என்றான் குளோவிஸ்.

"நல்லாருக்கு சித்தப்பா." அப்பா பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லாருக்குப்பா. தேங்க்ஸ்," என்றாள்.

எவரிஸ்டின் ஆயுசில் அவனை அப்படி யாரும் அடித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை தென்காற்று அடித்தது, கூடெல்லாம் நிறைந்து கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு எவரிஸ்ட் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜுக்குப் போனான். கழுத்துப் பட்டன் போட்ட சட்டை அவனை நெரித்தது. பல்கலைக்கழகத்து மரத்தடி பெஞ்சில், மற்றத் தகப்பன்மாருக்கு நடுவே, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் பரிசு கிடைத்தது. போட்டோ எடுத்தார்கள். இந்தத் தடவை அவன் கைதான் மகள் தோளில் இருந்தது. தோள் விலகவில்லை, நெருங்கவும் இல்லை.

திரும்பும் வழியில் நோயலி சன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிரியெலுக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

"மாமா, மூணாவது மேசையில முதலையாம ஓடு வச்சிருந்தாங்க. நான் கையில எடுக்கவே இல்ல. நோயலிதான் எல்லாத்தையும் எழுதுனா. மொத முட்ட போடவே அதுக்குப் பத்துப் பன்னெண்டு வருஷமாவது ஆகணுமாம். போட்டதுலயும் ஒண்ணு ரெண்டுதான் தப்பிக்குமாம். அந்த மேசைக்கு எங்களுக்கு முழு மார்க்கு."

எவரிஸ்ட் வண்டியை ஓரம் கட்டினான். இருபுறமும் நெல்வயல், தண்ணீரில் வெயில் கூசியது.

"குட்டி. உறங்குதியா?"

"இல்லப்பா."

"நான் தெரியாமப் பண்ணிட்டேன். ஒனக்குன்னு ஆசையாத்தான்... எனக்கு வேற எப்படிச் செய்யன்னு தெரியல. அது ஒன் ஆமன்னு தெரிஞ்சிருந்தா கையக் கொண்டு தொட்டிருப்பேனா?"

"தெரியும்ப்பா."

"கோவமா இருந்தா என்ன வையி. நாலு வார்த்த வையி. கேட்டுக்கிறேன்."

"கோவமில்லப்பா. நீ வேணும்னா செஞ்ச? வண்டிய எடு, பிரியெல் வீட்டுல தேடுவாங்க."

கோபமில்லை என்று அவள் சொன்னது உண்மை. எவரிஸ்டுக்கு அதுதான் தாங்கவில்லை. கோபம் என்றால் என்றைக்காவது தணியும் என்று காத்திருக்கலாம்.

அதற்குப் பிறகும் வாளி படகில் போய் வந்தது. தண்ணீர்ப்பாம்பு, குட்டி ஆமை, ஒருநாள் இன்னொரு மூன்றுவிரல் ஜந்து. சாயந்திரம் கொண்டுவந்து வைத்தால் நோயலி எழுந்து வருவாள், தகரத்தை விலக்கிப் பார்ப்பாள், பேர் சொல்வாள். "கொண்டுபோய் எடுத்த எடத்துலயே விட்டுருப்பா," என்பாள், அன்பாகத்தான். எந்த வயல், எவ்வளவு ஆழம் என்று கேட்க மாட்டாள். ஒரு நாள் குளோவிஸ், "என்னண்ணே, போட்டிதான் முடிஞ்சு போச்சே, இன்னும் எதுக்கு இந்த வாளி?" என்று கேட்டுவிட்டான். எவரிஸ்ட் தகர மூடியை எடுத்துக்கொண்டான். வாளியைப் படகில் ஏற்றினான்.

மே கடைசியில் மடையைத் திறந்து வயல்களை வடித்தார்கள். நாற்றமும் கொக்குகளுமாய் ஊரே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எவரிஸ்ட் வாசலில் கம்பிக்கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நோயலி தெற்கே சதுப்புப் பக்கமிருந்து வந்தாள். முழங்கால்வரை சேறு, முடியில் சருகு, கன்னம் வெயிலில் கன்றிப் போயிருந்தது. பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்தவள், அவனைக் கண்டதும் வழக்கமான நடைக்கு வந்தாள்.

"எங்க குட்டி போயிட்டு வார?"

"சும்மாதான்ப்பா. நடந்துட்டு வந்தேன்."

"எதாவது பாத்தியா?"

அரை நொடி நின்றாள். "ஒண்ணுமில்லப்பா," என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

எவரிஸ்ட் கையிலிருந்த கூட்டை அடுக்கில் வைத்தான். அடுப்படிச் சன்னல் திறந்திருந்தது. நோயலி சேற்றுக் காலோடு அம்மாவுக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் அகல விரித்து ஏதோ ஒன்றின் அளவைக் காட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு காதில் விழவில்லை. ஒடாலி வாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தாகமாக இருந்தது. உள்ளே போனால் அந்தப் பேச்சு நின்றுவிடும். அவள் சொல்லி முடிக்கட்டும் என்று எவரிஸ்ட் வாசலிலேயே நின்றான்.